மூன்று நாள் கட்டணமும் இருபது நொடித் தண்ணீரும்: நவி மும்பையில் போசியட் பயிற்சி

பன்வேலைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், கிடங்குகளுக்கு நடுவே ஒரு கடற்பாதுகாப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கடலுக்குள் நிற்கும் எண்ணெய் பிளாட்ஃபார்ம்களுக்கும் கிணறு துளையிடும் ரிக்குகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்கப்படும், ஆபத்தில் உயிர் தப்பும் வழிகளைக் கற்றுத்தரும் ‘போசியட்’ பயிற்சியைச் சென்ற மாதம் மூன்று நாட்கள் அங்கே இருந்து முடித்தேன். நான் பெயின்ட் இன்ஸ்பெக்டர். பிளாட்ஃபார்மின் இரும்புக் கால்களில் துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, பூசிய பூச்சு எத்தனை மைக்ரான் தேறுகிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பது என் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பயிற்சியை முதல்முறை முடித்தேன். நான்காண்டு கழித்து ஒருநாள் புதுப்பிப்புக்கும் போய்வந்தேன். பிறகு கரையிலேயே யார்டு வேலை அமைந்துவிட்டதால் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கெடுவுக்குள் வந்தால்தான் ஒருநாள் புதுப்பிப்பு செல்லும். கெடு தாண்டிவிட்டால் பழைய மாணவனும் புதியவர்களோடு முதல் பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் மறுபடியும் போய் உட்கார்ந்தேன்.

நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் படித்தபோதும் இவற்றையே கண்டேன். பெயரைச் சொன்னால் ஒருவர் மீது மட்டும் பழி விழும். ஆனால் பேலாப்பூர், பன்வேல் பக்கம் இத்தகைய பயிற்சிக்குப் பணம் கட்டவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தூத்துக்குடி, கன்னியாகுமரி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்து இங்கே சித்தப்பா வீட்டிலோ அண்ணன் அறையிலோ தங்கி முதல் கடல் வேலையைத் தேடுகிறவர்களுக்கு, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த மதிப்புரை அவர்களுக்காகவே.

முதலில் பயிற்சி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதன் நிறையும் குறையும் அங்கிருந்தே வருகின்றன. போசியட்டின் பாடத்திட்டத்தை வகுத்த ‘ஒபிட்டோ’ அமைப்பு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரை ஒட்டித் தலைமையகம் வைத்திருக்கிறது. மீன்பிடித் துறைமுகமாகவும் கருங்கல் கட்டடங்களின் ஊராகவும் இருந்த அபர்டீன், 1970இல் வடகடலில் ஃபார்ட்டீஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டு 1975இல் அங்கிருந்து எண்ணெய் கரை சேர்ந்த பின் வேறு ஊராக மாறியது. நமக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். ஜப்பானில் கட்டப்பட்ட ‘சாகர் சாம்ராட்’ ரிக் 1974 பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே கடலில் உள்ள பாம்பே ஹை (இன்றைய மும்பை ஹை) வயலில் எண்ணெயைத் தொட்டது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவு, கடல் ஆழம் சுமார் 75 மீட்டர்.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அபர்டீனில் பிளாட்ஃபார்ம்களுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் நகரத்தின் நடுவிலேயே, கடைத்தெருவுக்குக் கீழேயே வந்து கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர் எவரும் தம் ஊர் எதனால் பிழைக்கிறது என்பதை மறக்க முடியாது. மும்பையில் எண்ணெய் வேலை ஊரின் கண்ணில் படுவதே இல்லை. சாமான் ஏற்றும் தளம் துறைமுக நீருக்கு அக்கரையில் நாவாவில் இருக்கிறது. கடலடிக் குழாய் வழியாக எண்ணெயும் எரிவாயுவும் வந்து சேரும் ஆலை உரணில் இருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள், 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் வந்து இறங்கிய அதே ஜூஹூ விமானத் தளத்திலிருந்து கிளம்புகின்றன. கடற்கரையில் பேல்பூரி தின்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால், யாரோ நடிகர் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். தாராவியை ஒட்டி, பாந்த்ரா–சயான் இணைப்புச் சாலையில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் ‘லெவன் ஹை’ கட்டடம் நிற்கிறது. நம்மவர்களில் பலருக்கு அது ஆட்டோக்காரரிடம் வழி சொல்லப் பயன்படும் அடையாளம், அவ்வளவே. செம்பூரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கே, என் தெருவில் எத்தனை பேர் கடல் வேலைக்குப் போகிறார்கள் என்பது முருகன் கோயில் வாசலில் பேச்சுவாக்கில் தெரிய வந்ததுதான்.

ஆக, ஹார்பர் லைனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்து, பன்வேலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கிடங்கு வளாகத்துக்குள் நுழையும்போதுதான், மும்பை ஓர் எண்ணெய்த் துறைமுகம் என்பது பலருக்கு முதன்முதலாக உறைக்கிறது. எங்கள் பேட்சில் பன்னிரண்டு பேர். அவர்களில் தமிழர் நால்வர்: நான், தாராவியில் பிறந்து வளர்ந்த ஒரு வெல்டர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த, மீனவர் வீட்டுப் பிள்ளையான ஒரு சாரம் கட்டும் தம்பி, பிளாட்ஃபார்ம் சமையற்கட்டில் வேலை கிடைத்திருந்த ஒரு நாகர்கோவில்காரர்.

முதல் நாள் காலை ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மருத்துவப் படிவத்தைச் சரிபார்த்தார்கள். ஒருவருக்கு அழுத்தம் அதிகமாக இருந்ததால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் விடும் இடமல்ல இது என்று அப்போதே ஒரு மதிப்பு பிறந்தது.

வகுப்பறை அந்த மதிப்பைக் காப்பாற்றவில்லை. நாள் முழுவதும் ஆங்கில ஸ்லைடுகள் ஓடின. அவற்றை விளக்கியவர் இந்தியில் விளக்கினார். அபாயங்கள், அனுமதிச் சீட்டு முறை, எச்சரிக்கை மணியின் வகைகள், ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூட வேண்டிய மஸ்டர் ஸ்டேஷன், ஹெலிகாப்டரில் ஏறும் ஒழுங்கு எல்லாம் வரிசையாக வந்தன. தவறு என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விபத்துகளை அவர்கள் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு உறுத்தியது.

1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம் எரிந்து 167 பேர் இறந்ததைப் பற்றி முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்ததும், அது பற்றிய அனுமதிச் சீட்டு இரவு ஷிப்டுக்குச் சரியாகக் கைமாறாததும், அந்தப் பம்பையே இயக்கிவிட்டதும் படம் போட்டு விளக்கப்பட்டன. நல்ல பாடம்தான், போசியட் என்ற பயிற்சி இன்றைய வடிவம் பெற்றதற்கே அந்த இரவு ஒரு காரணம். அடுத்ததாக, நம் கடலில் நடந்த விபத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு வந்தது. எரியும் பிளாட்ஃபார்மின் படமும் கீழே ஒரு தேதியும் மட்டுமே இருந்தன. பத்து நொடியில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

அந்தத் தேதி 2005 ஜூலை 27. முந்தைய நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே மூழ்கிக் கிடந்தது. அப்போது மும்பையில் இருந்த எவருக்கும் அந்த வாரம் மறக்காது. கடலில் ‘சமுத்ர சுரக்ஷா’ என்ற துணைக் கப்பலில் சமையற்காரர் ஒருவருக்கு விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. வானிலையால் ஹெலிகாப்டர் கிடைக்காத நிலையில், அவரைச் சிகிச்சைக்காகக் கிரேனில் தொங்கும் பாஸ்கெட்டில் ஏற்றி மும்பை ஹை நார்த் பிளாட்ஃபார்முக்கு மாற்றுவதற்காகக் கப்பல் நெருங்கி வந்தது. அலையின் வீச்சில் கப்பல் போய், கடலடியிலிருந்து பிளாட்ஃபார்முக்கு எண்ணெயும் எரிவாயுவும் ஏறிவரும் ரைசர் குழாய்களில் மோதியது. கசிந்த எரிவாயு தீப்பிடித்து, இரண்டு மணி நேரத்தில் பிளாட்ஃபார்ம் முழுவதும் இல்லாமல் போனது. அங்கிருந்த 384 பேரில் 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் திரும்பவில்லை. எட்டு லைஃப் போட்டுகளில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது, பத்து லைஃப் ராஃப்ட்டுகளில் ஒன்றைத்தான். கப்பலில், ஆழ்கடல் வேலைக்காக டைவர்கள் தங்கும் அழுத்த அறைக்குள் இருந்த ஆறு பேரை உடனே வெளியே எடுக்க வழியில்லாமல், ஒன்றரை நாள் கழித்துத்தான் மீட்டார்கள்.

நாளை பாஸ்கெட்டில் தொங்கியபடி கப்பலிலிருந்து பிளாட்ஃபார்முக்கு மாறவிருக்கும் பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எது இருக்க முடியும்? நாகர்கோவில்காரர் சமையற்கட்டுக்குப் போகிறவர். உணவு இடைவேளையில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, கையிலிருந்த சப்பாத்தியை வைத்துவிட்டு, “வெட்டுன விரலுக்கு இவ்வளவா அண்ணே?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வகுப்பில் எழுந்திருக்க வேண்டும். 2021 மே 17 அன்று டவ்தே புயலில் 261 பேருடன் இருந்த, எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் மிதவைக் கலமான பி-305 பார்ஜ் மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பற்றி ஸ்லைடே இல்லை. பாடத்திட்டம் அபர்டீனிலிருந்து வருகிறது. உதாரணங்களும் அங்கிருந்தே வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். இது சோம்பல்.

இரண்டாம் நாள் முற்பகல் தீயணைப்பு. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது. தட்டில் எரியும் தீயை உலர்தூள் கருவியால் அணைக்க ஒவ்வொருவருக்கும் உண்மையிலேயே வாய்ப்புக் கொடுத்தார்கள். பிறகு புகை நிரப்பிய இருட்டுக் கன்டெய்னருக்குள் அனுப்பினார்கள். சுவரைத் தடவும்போது உள்ளங்கையால் அல்ல, புறங்கையால் தடவ வேண்டும். சுடும் இரும்போ மின்கம்பியோ பட்டால் கை தானாகப் பின்னால் இழுத்துக்கொள்ளும், உள்ளங்கையால் தொட்டால் பிடித்துக்கொண்டுவிடும் என்று காரணத்தோடு சொன்னார்கள். காரணம் சொல்லிக் கொடுத்தது நினைவில் நிற்கிறது.

பிற்பகல் முதலுதவி. பதினொரு பேருக்கு ஒரே பொம்மை. என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, மார்பை முப்பது முறை அழுத்த வேண்டிய இடத்தில் பத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். பதிவேட்டில் மட்டும் எல்லோருக்கும் முழு டிக். இந்த ஒரு பகுதிக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன்.

மூன்றாம் நாள்தான் நாம் கட்டணம் கொடுப்பதற்கான நாள். மற்ற இரண்டு நாட்களையும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது.

குளத்தின் மேல் கிரேனில் ஒரு இரும்புக் கூண்டு தொங்குகிறது. ஹெலிகாப்டரின் உட்புறம் போல இருக்கைகள், நாலு பட்டை சேரும் சீட் பெல்ட், தள்ளினால் கழன்று விழும் ஜன்னல்கள். ஹெலிகாப்டருக்கு இன்ஜினும் கியர் பெட்டியும் கூரையில் இருக்கின்றன. எனவே தண்ணீரில் இறங்கினால் தலை கனத்துக் கவிழ்ந்துவிடும். மிதவைகள் விரிந்து நிமிர்ந்து நின்றால் நல்லது. நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கே இந்தக் கூண்டு. இது வெறும் பாடமல்ல. 2022 ஜூன் மாதம் சாகர் கிரண் ரிக்குக்கு அருகே கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் 9 பேர் இருந்தார்கள். 4 பேர் உயிரிழந்தார்கள்.

பயிற்சியாளர் கடற்படையில் டைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசியது மொத்தம் ஐந்து நிமிடம், ஸ்லைடு இல்லை. ஒரு கை ஜன்னல் விளிம்பில், மறு கை பெல்ட் பூட்டில். தண்ணீர் மார்புக்கு வரும்போது கடைசி மூச்சு. கூண்டு சுழன்று நிற்கும்வரை எதையும் செய்யக் கூடாது. நின்றபின் முதலில் ஜன்னலைத் தள்ள வேண்டும், பிறகுதான் பெல்ட். பெல்ட்டை முதலில் கழற்றினால் உடம்புக்குப் பிடிமானம் இல்லாமல், ஜன்னலைத் தள்ளும்போது ஜன்னலுக்குப் பதிலாக நாம்தான் பின்னால் போவோம். ஜன்னல் விளிம்பில் வைத்த கையை எடுக்கவே கூடாது, ஏனென்றால் தலைகீழாகிவிட்டால் கண்ணும் காதும் பொய் சொல்லும். கை மட்டும்தான் வெளியேறும் வழியை அறிந்திருக்கும். லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதவே கூடாது, ஊதினால் அதன் மிதப்பு நம்மைக் கூண்டுக்குள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

இதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். பிறகு கூண்டு இறங்கியது.

தண்ணீர் முதலில் ஷூவுக்குள், அடுத்து மடியில், பிறகு நெஞ்சில் ஏறுகிறது. ‘பிரேஸ்’ (மோதலுக்குத் தயாராக உடம்பை இறுக்கிக்கொள்) என்று மூன்று முறை குரல். கடைசி மூச்சை இழுத்தவுடன் உலகம் ஒரு பக்கமாகச் சரிந்து, அடுத்த கணம் மூக்கு வழியாகத் தண்ணீர் நெற்றிக்குள் பாய்கிறது. கண் திறந்தால் வெள்ளை நுரை தவிர ஒன்றுமில்லை. மேலே எது, கீழே எது என்பது உண்மையிலேயே மறந்துபோகிறது. பழைய மாணவனான நானே முதல் சுழற்சியில் அவசரப்பட்டு, கூண்டு நிற்பதற்கு முன் ஜன்னலைத் தள்ளினேன். தண்ணீரின் இழுப்பில் அது அசையவில்லை. ஒரு நொடி பதறி, பிறகு சுழற்சி நின்றபின் மறுபடி தள்ளினேன், கழன்றது. வெளியே வந்தபோது மொத்தம் இருபது நொடிகூட ஆகியிருக்காது என்று பயிற்சியாளர் சொன்னார்.

எங்கள் நால்வரில் யாருக்கு எளிதாக இருக்கும் என்று நான் நினைத்ததும் நடந்ததும் நேர் எதிர். தாராவி வெல்டருக்கு நீச்சல் தெரியாது. குளத்தைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் தனக்குத் தெரியாது என்பதாலேயே சொன்னதைச் சொன்னபடி செய்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்து, நின்றபின் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, முதல் முறையிலேயே வெளியே வந்துவிட்டார். தூத்துக்குடித் தம்பிதான் திணறினார். வள்ளத்திலிருந்து குதித்து வளர்ந்த பிள்ளை; தண்ணீருக்குள் போனால் உடம்பு தானாக மேலே போக உந்தும். தலைகீழான கூண்டில் அவர் உடம்பு ‘மேல்’ என்று நினைத்த இடத்தில் இருந்தது கூண்டின் தளம். பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றார். பாதுகாப்பு டைவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே என்னிடம், “தண்ணி எனக்குப் புதுசு இல்ல அண்ணே. இது தண்ணி மாதிரியே இல்ல” என்றார். பயிற்சியாளர் சொன்ன ஐந்து நிமிடத்தில் பாதி அவருக்குப் புரியவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்தி அரைகுறை, ஆங்கிலம் எழுத்துக்கூட்டி. கை, ஜன்னல், பெல்ட் என்ற வரிசையை நான் தமிழில், அவர் தொடையில் தட்டித் தட்டி நாலு முறை சொன்னேன். இரண்டாம் முறையும் கை நழுவியது. மூன்றாம் முறை சரியாக வந்தார். நான்காம் முறை வேறு இருக்கையில், ஜன்னல் மறுபக்கத்தில் இருக்க, அதையும் முடித்தார்.

இந்த நிலையத்தைப் பற்றி நான் மனமாரப் புகழ்வது இதைத்தான். தடுமாறியவரைப் பதிவேட்டில் டிக் போட்டு அனுப்பிவிடவில்லை. மாலை ஆறு மணி வரை கூடுதல் கட்டணமின்றி எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற அனுமதித்தார்கள். ஜன்னல்களும் பேருக்கு மாட்டியவை அல்ல. உண்மையான வலுவைக் கேட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் படித்த வேறோர் இடத்தில் விரலால் தொட்டாலே விழும். பயிற்சி நடந்த மாதிரியும் இருக்கும், எவருக்கும் சிரமமும் இராது. இங்கே குளத்துத் தண்ணீர் சுத்தம். நீருக்குள் எப்போதும் இரண்டு டைவர்கள் இருந்தார்கள். கவிழ்ந்த லைஃப் ராஃப்ட்டை நிமிர்த்தும் பயிற்சியிலும், வாயு உருளை இருக்கும் பக்கம் நின்று பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்வதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்யும்வரை விடவில்லை.

ஆனால் அலுவலகத்தில் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அன்று பேட்ச் சிறியது என்பதால்தான் அந்தக் கூடுதல் முறைகள் கிடைத்தன. பேட்ச் நிரம்பி வழியும் வாரங்களில் ஒருவருக்குக் குறைந்தபட்சம் எத்தனையோ அத்தனை மட்டுமே. ஆகவே பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதல்ல, அந்த வாரம் எத்தனை பேர் என்பதே. மழைக்காலத்துக்குச் சற்று முன்னும், ஒப்பந்த வேலைகள் மும்முரமாகும் மழை முடிந்த மாதங்களிலும் கூட்டம் அதிகம் என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகையை எழுதினால் அடுத்த மாதம் மாறியிருக்கும். ஒரு ஹெல்பரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடித் தம்பி நேரடியாகக் கட்டவில்லை, ஊரிலிருந்து வரும்போதே ஓர் ஏஜென்டிடம் கொடுத்திருந்தார். என் ரசீதையும் அவர் கொடுத்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்; ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலைக்கும் சேர்த்து அந்தத் தொகை என்று ஏஜென்ட் சொன்னாராம். வேலை இன்னும் வரவில்லை. பயிற்சி நிலையத்துக்கு இதில் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரவேற்பறையில் கட்டணப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைக்க ஒரு தாளும் பசையும் போதும்; அது அங்கே இல்லை. நம் பிள்ளைகள் நிலையத்தில் நேரடியாகப் போய்க் கட்டலாம், யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி. சப்பாத்தி, பருப்பு, சோறு. ஒருநாள் சாம்பார் என்று ஒன்று வந்தது, வெல்லம் சற்றுத் தூக்கல், இந்த ஊர் வழக்கம். உடை மாற்றும் அறைதான் மோசம். முந்தைய பேட்ச் நனைத்த கவர்ஆல்கள் சரியாகக் காயாமல் கொடியில் தொங்கின. என் அளவு கிடைக்காமல் முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். இரண்டு செட் உடையும் ஒரு பெரிய துண்டும் கொண்டு போவது நல்லது.

மொழிக் குறையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மேலே சொன்னதே போதும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முடிவில் நடக்கும் எழுத்துத் தேர்வு முழுக்க ஆங்கிலம். கூண்டிலிருந்து நான்கு முறை தலைகீழாக வெளியே வந்த பிள்ளை, ‘உயிர்ப்படகில் ஏறுமுன் செய்ய வேண்டியது எது’ என்ற கேள்வியின் ஆங்கில வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கேட்டால் வாய்மொழியாகத் தேர்வெழுத ஏற்பாடு உண்டு என்று மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். கேட்க வேண்டும் என்பது கேட்கத் தெரியாதவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பெயர். தமிழர்களுக்கு இந்த ஊரில் தீராத தொல்லை இது. விண்ணப்பப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எனக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கிறது. மூன்றாம் நாள் பயிற்சி முடிந்த பின் மின்னஞ்சலில் வந்த சான்றிதழில் இனிஷியலே குடும்பப் பெயராக அச்சாகியிருந்தது. சிறு விஷயம் என்று விட முடியாது. ஜூஹூவில் ஹெலிகாப்டர் ஏறுவதற்கான பட்டியலில் இருக்கும் பெயரும் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால், எடை பார்க்கும் மேசையிலேயே ஓரமாக நிறுத்திவிடுவார்கள். இப்படி ஒருமுறை நின்று, என் பதினான்கு நாள் வேலையை இன்னொருவர் செய்ய விட்டிருக்கிறேன். இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கும் பாஸ்போர்ட்டின் நகலுக்கும் பிறகு ஐந்தாம் நாள் திருத்திய சான்றிதழ் வந்தது. படிவத்தை நிரப்பும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து எழுத்தாக எழுதுங்கள். அலுவலகப் பெண் “சர்நேம் போடுங்க” என்று வற்புறுத்தினாலும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். தாராவி வெல்டர் அப்படித்தான் போட்டுவிட்டார். அவருடைய சான்றிதழில் இப்போது அவர் பெயருக்குப் பின்னால் ‘திருநெல்வேலி’ நிற்கிறது, திருத்தம் இன்னும் வரவில்லை.